கியூபெக் பாலம்: பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எத்தனை மார்க்?

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் 1917-இல் கட்டி முடித்த பாலம். 549 மீட்டர் நடு இடைவெளியோடு, தூண்களிலிருந்து இருபுறமும் கைபோல் நீளும் கான்டிலீவர் பாலங்களில் இன்றும் உலகிலேயே நீளமானது. மூன்று சாலைத் தடங்கள், ஒரு ரயில் பாதை, ஒரு நடைபாதை. 1993-இல் கனடா மத்திய அரசிடமிருந்து சிஎன் (கனடிய தேசிய ரயில்வே) நிறுவனத்தின் கைக்குப் போனது.

பாலத்தைப் பராமரிக்க சிஎன்னோடு 1997-இல் போட்ட 6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 5-க்கு 1 தரலாம். பணம் தீர்ந்தது, பெயின்ட் வேலை பாதிகூடத் தாண்டவில்லை. மத்திய அரசு வழக்குப் போட்டது. 2014-இல் நீதிமன்றம் ரயில்வே பக்கமே நின்றது. ஒப்பந்தத்தில் தொகையை எழுதினால் போதாது, எத்தனை சதுர மீட்டர் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

செலவை ஏற்றுவது பெயின்ட் டப்பா அல்ல. பழைய பூச்சில் ஈயம் இருப்பதால் முதலில் சாரம் கட்டி முழுக்க மூட வேண்டும். பிறகு மணல் வீச்சு (மணலை வேகமாக வீசிப் பழைய பூச்சை உரிப்பது), கழிவு அகற்றல். அதன் பிறகுதான் பிரைமர் என்ற அடிப்பூச்சு. ரிவெட் தலைகளுக்கும் தகட்டு ஓரங்களுக்கும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் மீண்டும் கிளம்பும். பனி உருக்கக் கொட்டும் உப்பு சாலை இணைப்புகள் வழியே ஒழுகி, ஒட்டியிருக்கும் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கும். வடிகாலைச் சரிசெய்யாமல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு.

2024 நவம்பரில் மத்திய அரசு 1 டாலருக்குப் பாலத்தைத் திரும்ப வாங்கியது. பராமரிப்புக்கு 25 ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 4 கோடி. இதற்கு 4 மார்க். விலைவாசி ஏறினால் இந்தத் தொகை தாங்குமா என்பதால் ஒன்றைக் குறைக்கிறோம்.