நீர் செல்லுக்குள் நுழையும் இரண்டு வழிகள்: கொழுப்புப் படலமா, அக்வாபோரினா?

செல்லின் சவ்வைத் தாண்டி நீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல். இதில் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை, உப்பு, சர்க்கரை போல நீரில் கரைந்திருக்கும் கரைபொருளின் செறிவுதான் முடிவு செய்கிறது. கரைபொருள் அதிகமுள்ள பக்கம் நோக்கி நீர் நகரும். செல் இதற்கு ஆற்றல் எதையும் செலவழிப்பதில்லை. சரி, எந்த வழியாகப் போகிறது? இங்கேதான் வேறுபாடு.

முதல் வழி, சவ்வின் கொழுப்பு இரட்டை அடுக்கு. கொழுப்புக்கும் நீருக்கும் ஒத்துப்போகாது என்றாலும், நீர் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் மெதுவாக ஊடுருவிவிடும். வெப்பநிலை குறைந்தால் இந்த வேகம் நன்றாகவே குறையும்.

இரண்டாவது வழி அக்வாபோரின் என்ற புரதக் கால்வாய். எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு இது. ஒரு கால்வாயில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் ஓடுகின்றன. இத்தனை வேகத்திலும் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) அது விடுவதில்லை! 1992-இல் அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் ஆக்ரேயின் குழு இந்தப் புரதத்தைத் தவளையின் முட்டை செல்லில் உருவாக்கி, செறிவு குறைந்த கரைசலில் வைத்தது. செல் சட்டென்று வீங்கி வெடித்தது. புரதம் இல்லாத முட்டை செல் அப்படியே இருந்தது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கொழுப்பு வழியைச் செல்லால் நினைத்தபடி திறந்து மூட முடியாது. அக்வாபோரின்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். உடலில் நீர் குறையும்போது வாசோபிரசின் ஹார்மோன் சிறுநீரகச் செல்களின் சவ்வுக்குக் கூடுதல் அக்வாபோரின்களைக் கொண்டுவருகிறது. அப்புறம் நீர் உடலுக்கே திரும்புகிறது.