நடையா, தசைத் தளர்வா, மூச்சா: ஷிப்மென்ட் வாரத்தில் எது நிற்கும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் வந்ததில் இருந்து சரக்கு கிளம்பும் வரை கூடவே இருந்து கவனிப்பது. போன வருஷம் ஒரு ஆர்டரில் துணியின் ஷேடு மாறி வந்து, பையரின் மெயிலைப் பார்த்த ராத்திரியில் இருந்து தூக்கம் போனது. அதற்கப்புறம்தான் பதற்றம் குறைய நடை, தசைத் தளர்வு, மூச்சுப் பயிற்சி என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். இப்போது நான் மூச்சுக் கட்சி.

நடையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஞாயிறு காலையில் நஞ்சராயன் குளத்துப் பக்கம் போனால் (2024-இல் ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்ததே, அந்தக் குளம்தான்) பறவைகளைப் பார்த்த அரைமணியில் தலை லேசாகிவிடும். சந்தேகமே இல்லை.

அடுத்தது, உடம்பை இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் உருவாக்கிய முறை. படுத்துக்கொண்டு கால்விரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதியாக ஐந்து விநாடி இறுக்கி, அப்படியே விட்டுவிட வேண்டும். தூக்கத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. வயிற்றுக்கு மேலே எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குள் நான் தூங்கிவிடுகிறேன்.

ஆனால் ஷிப்மென்டுக்கு நாலு நாள் இருக்கும்போதுதானே நமக்கு இதெல்லாம் வேண்டும்? அந்த வாரத்தில் முதலில் கழன்றுபோவது நடை. பத்து நாள் விட்டுவிட்டு மறுபடி காலை 5.30-க்கு எழுந்திருப்பது தனிப் போராட்டம். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் படுக்கவும் முடியாது. மூச்சுக்கு இடம் வேண்டாம், செருப்பு வேண்டாம், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

செய்வது இவ்வளவுதான்: நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு ஆறுக்கு இறங்கும். இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது நிதானிக்கும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள், சிலருக்கு அந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும். அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும்.

இது புரியாமல் முதல் வாரம் நெஞ்சு விரிய வேகவேகமாக இழுத்தேன். தலை சுற்றி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியே போனால் அப்படித்தான் ஆகும். இப்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்குத்தான் மூச்சு. ஆனால் கண்ணை மூடுவதை மறைக்க முடியவில்லை.

"ஏனுங்க தம்பி, தலை வலிக்குதுங்களா?" என்றார் செக்கிங் அக்கா.

"இல்லீங்கக்கா, சும்மா மூச்சு உட்டுட்டு இருக்கறனுங்க."

"அது எல்லாரும் உடறதுதானுங்களே!"

இதில் சிக்கல் என்று ஒன்றே ஒன்று உண்டு: மறந்துபோவது. அதற்கு நான் கண்ட வழி, பையர் மெயிலைத் திறக்கும் முன் ஆறு மூச்சு. கணக்குக்கு ஒரு நிமிஷம். மெயில் தானாக ஞாபகப்படுத்திவிடுகிறது.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு நடைதான் மேல். வீசிங் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றாலும் டாக்டர்தான், மூச்சு இல்லை. ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயிலுக்குப் போய் முறையாகக் கற்றவர்கள் எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார்கள். நான் போனதில்லை, அதனால் அதோடு இதை ஒப்பிடவில்லை.

வீட்டில் அவங்க நடைக் கட்சி. காலையில் கேட் சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கன்டெய்னர் கிளம்பிய மறுநாள் மட்டும் நானும் கூடப் போவேன்.