டெலிபோன் லைனை நீட்டி ரவுட்டரை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை

டெலிபோன் செம்புக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபைபர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரவுட்டர் வாசலை ஒட்டிய அறையில் இருந்தது. நான் வேலை செய்வது பின்னறையில். நடுவில் மூன்று சுவர், வைஃபை எட்டவில்லை. வயரிங் ஆள் ஒருவரைக் கூப்பிட்டேன். “லைனையே உள்ளே இழுத்துடலாம் சார், அரை மணி நேர வேலை” என்றார். சுமார் இருபது மீட்டர் தட்டை ஒயர் கொண்டுவந்தார். வாசலில் பழைய ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரை அதோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேகத்தைச் சோதிக்காமல் கொடுத்தது என் முட்டாள்தனம்.

அன்று மாலையே டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்தது. அடிக்காத நேரத்திலும், முன்பு 16 மெகாபிட் வந்த லைனில் ஐந்தோ ஆறோதான். மறுபடி கூப்பிட்டேன். ரவுட்டரைத் தொட்டுப் பார்த்து, “சூடாகுது சார், போர்டு போச்சு” என்றார். மறுநாள் அவரே ஒரு புது ரவுட்டரைக் கொண்டுவந்து விற்றார். பழையதை, “சும்மாதானே கிடக்கப்போகுது” என்று கேட்டார். என்னவோ தோன்றியது, கொடுக்கவில்லை. புதிதிலும் அதே கதை. மூன்றாவது முறை அவர் போனை எடுக்கவில்லை.

அப்புறம்தான் நானே உட்கார்ந்தேன். டேப்பைப் பிரித்து, நீட்டிய ஒயரை முழுக்கக் கழற்றிவிட்டு, பழைய ரவுட்டரை, லைன் வீட்டுக்குள் வரும் முதல் சாக்கெட்டிலேயே செருகினேன். 16 வந்தது. போர்டு போகவும் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்த ஏமாற்று ஏன் எளிதாக நடக்கிறது என்றால், டெலிபோன் பேச்சுக்கு எந்த ஒயரும் போதும். பேச்சின் அதிர்வெண் சுமார் 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதே கம்பியில் ஏடிஎஸ்எல்2+ என்ற டிஎஸ்எல் வகை 2.2 மெகாஹெர்ட்ஸ் (22 லட்சம் ஹெர்ட்ஸ்) வரை போகும், விடிஎஸ்எல்2 என்ற வகை அதற்கும் மிக மேலே. அந்த உயரத்தில், முறுக்கு இல்லாத தட்டை ஒயர் ஆண்டெனா மாதிரி சுற்றியுள்ள இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஜோடிக் கம்பியை நீளம் முழுக்க ஒன்றோடொன்று முறுக்கினால் இரைச்சல் குறையும் என்று கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நம் ஆளுக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை.

அதோடு போகவில்லை. பழைய சாக்கெட்டுக்குப் போகும் ஒயரை அவர் கழற்றாமல் அப்படியே விட்டிருந்தார். இந்த மாதிரி கிளையில் சிக்னல் கடைசி வரை போய் முட்டித் திரும்பி வந்து லைனைக் கெடுக்கும். பேச்சையும் நெட்டையும் பிரித்துவிடும் ஃபில்டர் பெட்டியான ஸ்பிளிட்டரையும் ரவுட்டரோடு பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். வாசல் டெலிபோன் ஃபில்டரே இல்லாமல் நேராக லைனில் நின்றது. மணி அடித்தால் அறுந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது பழைய ரவுட்டர் பழைய இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பின்னறைக்கு ஒரு லேன் கேபிள். அது 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் ஓடும். காசைக் கொட்டி வாங்கிய புது ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, பின்னறையில் வைஃபைக்கு வைத்துவிட்டேன்.

லைனைத்தான் நீட்டியாக வேண்டும் என்றால், ஸ்பிளிட்டர் முதல் சாக்கெட்டிலேயே இருக்கட்டும். அதன் டிஎஸ்எல் முனையிலிருந்து மட்டும் முறுக்கிய ஜோடி ஒயர் உள்ளே போகட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் லைன் வேகத்தையும் எஸ்என்ஆர் மார்ஜினையும் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவு) வயரிங் ஆளின் கண்ணெதிரே குறித்துக்கொள்ளுங்கள். மார்ஜின் எனக்கு 9 டெசிபலிலிருந்து 3-க்கு இறங்கியிருந்தது. அப்படி இறங்கினால் காசைக் கொடுக்காதீர்கள். “ரவுட்டர் போச்சு” என்றால், முதல் சாக்கெட்டில் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.