லினக்ஸ் மடிக்கணினியின் பேட்டரி: பொத்தானா, கோப்பா?

லினக்ஸ் இயங்குதளம் போட்ட மடிக்கணினியில் பேட்டரி நிற்கவில்லை என்று யாராவது புலம்பினால் மூன்று பெயர்கள் வந்து விழும்: பவர்டாப், டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்). மூன்றுக்கும் வேலை ஒன்றல்ல.

இன்டெல் 2007இல் வெளியிட்ட பவர்டாப்பின் பலம் காட்டிக்கொடுப்பதுதான். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) திறந்தால், எந்த நிரல் விநாடிக்கு எத்தனை முறை தூங்கும் செயலியை (CPU) எழுப்புகிறது என்று வரிசையாக வரும். பரிகாரத்தில்தான் சொதப்பல். எல்லாவற்றையும் தானாகச் சரிசெய்யச் சொன்னால் யுஎஸ்பி மவுஸையும் தூங்கவைத்துவிடும். கையை எடுத்துவிட்டு மறுபடி நகர்த்தினால் அம்பு அசையாது. போதாததற்கு, கணினியை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் பழையபடி.

டிஎல்பி அந்தத் தவறைச் செய்வதில்லை. மவுஸ், விசைப்பலகையைத் தொடாது, அமைப்புகளும் நிலைத்திருக்கும். செருகியிருக்கும்போது ஒரு மதிப்பு, பேட்டரியில் ஓடும்போது வேறொன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். நான் அதை மதிப்பது சார்ஜ் வரம்புக்காக. லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினியில், 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஏற்று, 80இல் நிறுத்து என்று இரண்டே வரிகள். எந்நேரமும் முழு சார்ஜில் கிடக்கும் லித்தியம் அயன் பேட்டரி சீக்கிரம் தேயும் என்பதால், மேசையில் செருகியே கிடக்கும் கணினிக்கு மற்ற அமைப்புகளைவிட இதுவே பெரிது. ஆனால் இதற்கு நீளமான ஓர் உரைக்கோப்பைத் திருத்த வேண்டும். வரியின் முன்னால் நின்று அதை முடக்கும் # குறியை நீக்க மறந்தால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. வரைகலை இடைமுகம் வேண்டுமென்றால் வேறொருவர் எழுதிய டிஎல்பியுஐயைத் தனியாக நிறுவ வேண்டும்.

மூன்றாவதான பவர் புரொஃபைல்ஸ் டீமன்தான் 2021இல் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் 41ஆம் பதிப்பில் வந்த பொத்தானுக்குப் பின்னால் இருப்பது: சேமிப்பு, சமநிலை, வேகம். கடவுச்சொல் கேட்காது. இதில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு எச்சரிக்கை. உணரி உள்ள கணினியை மடியில் வைத்து வேக நிலையைக் கேட்டால், மடியில் இருப்பது தெரிகிறது, நிலையான இடத்தில் வையுங்கள் என்று காரணம் சொல்லும். கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொல்வது இது ஒன்றுதான். ஆனால் சேமிப்பு நிலையை அழுத்தினால் என்ன மிச்சமாயிற்று என்று மூச்சு விடாது. பவர்டாப்பின் கண்ணை இந்தப் பொத்தானுக்கு வைத்துவிட்டால் என் குறையில் பாதி தீரும்.

மீதிப் பாதி, அதாவது உரைக்கோப்பைத் திருத்தாமல் சார்ஜ் வரம்பு வைப்பது, தீர்ந்துகொண்டிருக்கிறது. அதை மற்றொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 5.20 (2020) அமைப்புகளுக்குள்ளேயே கொண்டுவந்தது. க்னோமுக்கு அது 2025இல், 48ஆம் பதிப்பில்தான் வந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 41ஆம் பதிப்பில் பொத்தானை அப்படியே வைத்துவிட்டு, பின்னால் ட்யூன்டி என்ற வேறொரு டீமனை மாற்றிப் பொருத்தினார்கள். சரியான வழி, பயனர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

புதிய கணினி, புதிய க்னோம் அல்லது கேடிஇ என்றால் பொத்தானே போதும். டெஸ்க்டாப்பில் அந்த சார்ஜ் வரம்பு அமைப்பு இல்லாத பழைய திங்க்பேடுக்கு டிஎல்பி. பவர்டாப்பைத் திருடனைப் பிடிக்க மட்டும் திறந்து மூடுங்கள். டிஎல்பியையும் பொத்தானின் டீமனையும் சேர்த்து ஓடவிட வேண்டாம்: இரண்டும் ஒரே அமைப்புகளில் கைவைக்கும், எது வென்றது என்று திரை சொல்லாது.