ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி, ஒரிஜினல் ஆற்காடு மக்கன் பேடா என்று போர்டு பார்த்து உள்ளே போகாதீர்கள்: வேலூர் வருகிறவர்கள் கவனத்துக்கு

வேலூருக்கு வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களும், அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நல்ல ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்துச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லி நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பணம் பறிக்கிற கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் என் சித்தி குடும்பம் மாட்டிக்கொண்டது. ஓட்டல் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறபடி நடக்கட்டும். அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்தால் போதாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து ரிவ்யூவுக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். டாக்டர் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னதும், "ஆம்பூர் பிரியாணி சாப்பிடாம ஊருக்குப் போகக் கூடாது" என்று சித்தப்பா ஆசைப்பட்டார். லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த பையன் ஒரு ஓட்டல் பெயரைச் சொல்லி, அவனே ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தான். வேலை முடிந்து நான் நேராக அந்த ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் கிளம்பாமல் கல்லாப்பெட்டிப் பக்கம் போனார். கல்லாவில் இருந்தவர் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு நோட்டை மடித்து அவர் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். அந்தப் பணம் கடைசியில் சாப்பிடுகிறவர் பில்லில்தான் வந்து நிற்கும்.

இலையில் வந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணி என்றால் சீரகச் சம்பா அரிசி. சீரகம் மாதிரியே பொடிசாக இருக்கும், பக்கத்தில் வைத்தாலே வாசனை வரும். எங்களுக்கு வந்ததோ நீளமாக உடைந்து கிடந்த ஏதோ ஓர் அரிசி. நம் பிரியாணியின் சிவப்பு காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிலிருந்து வருவது. தயிர், இஞ்சி பூண்டு, புதினா, கொத்தமல்லியோடு அந்த விழுதில்தான் கறி வேகும். முக்கால் பதம் வெந்த சோற்றை வடித்து அதன் மேல் கொட்டி, மூடி மேலே நெருப்புத் துண்டுகளைப் போட்டுத் தம் கட்டுவார்கள். அப்படிச் செய்ததில் கறியை ஒட்டிய சோறு நிறம் அடர்ந்தும் மேல் சோறு கொஞ்சம் வெளுத்தும் இருக்கும். இங்கே ஒவ்வொரு பருக்கையும் ஒரே ஆரஞ்சு. சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவின பிறகும் விரல் நுனியில் அந்தக் கலர் போகவில்லை. பிரியாணியில் செயற்கைக் கலர் சேர்க்கச் சட்டத்தில் அனுமதியே கிடையாது.

கறித் துண்டைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே மசாலா இறங்கவே இல்லை. வேறு பாத்திரத்தில் வெந்த கறியைக் குஸ்காவுக்குள் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். குஸ்கா மட்டமான சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் கையில் காசு குறைவாக இருக்கிற அன்றைக்கு வயிறாரச் சாப்பிட வைப்பதே அதுதான். அதைக் குஸ்கா என்று சொல்லி, குஸ்கா விலைக்கு விற்க வேண்டும்.

அடுத்தது கத்திரிக்காய். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பிரியாணி கேட்டால் புளிப்பும் காரமுமாக ஒரு கத்திரிக்காயும் தயிர் வெங்காயப் பச்சடியும் கூடவே வரும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான், தள்ளுவண்டிப் பிரியாணியிலும் அப்படித்தான். கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி வைத்தால் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிற ஊர் இது. அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த மாவட்டத்தின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு பில்லில் தனியாகப் போட்டிருந்தார்கள்.

பில்லை அப்படியே தருகிறேன். மட்டன் பிரியாணி 340 வீதம் மூன்று, 1,020. கத்திரிக்காய் 30 வீதம் 90. பச்சடி 25 வீதம் 75. தண்ணீர் பாட்டில் 40 வீதம் இரண்டு, 80. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம், டாக்ஸ் 5 சதவீதம். மொத்தம் 1,391 ரூபாய் 50 காசு. பில்லில் ஓட்டல் பெயர் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை.

"வேலூர்ல எந்தக் கடையிலண்ணா கத்திரிக்காய்க்குத் தனியா காசு வாங்குறாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சார், முப்பது ரூபாய்க்குப் போய்ப் பேசிக்கினு கீற? அது தனி ஐட்டம், மெனுவுல கீது பாரு."

மெனுவில் இருந்தது உண்மை, கடைசிப் பக்கத்தில், கூல்டிரிங்க்ஸுக்குக் கீழே. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுப்பா, வந்த எடத்துல எதுக்கு வம்பு" என்றார். இப்படி எத்தனை பேர் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மனசில் ஆயிரம் கவலை. பில்லைப் பார்த்துச் சண்டை போட அவர்களுக்குத் தெம்பு இருக்காது, மறுபடி இந்தக் கடைக்கு வரவும் மாட்டார்கள். இது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

நான் விடவில்லை. சட்டத்தில் எது நம் பக்கம், எது இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் குரலை உயர்த்தாமலே பேசலாம்.

சர்வீஸ் சார்ஜ்: ஓட்டல்கள் இதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது. இதைச் சொன்னதும் கல்லாக்காரர் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டார். வாதாடக்கூட இல்லை. தெரிந்தேதான் போடுகிறார்கள்.

டாக்ஸ்: வரி வாங்குகிறவர் பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரியே வாங்கக் கூடாது. எண் கேட்டதற்கு "சிஸ்டம் டவுன் சார்" என்றார்கள். நான் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் நமக்குச் சட்டம் துணை இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே உட்கார்ந்தவுடன் மேசையில் பாட்டிலைத் திறந்து வைக்க வந்தால், வேண்டாம், சாதாத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிரியாணியைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். மக்கன் பேடாவை மன்னிக்க முடியவில்லை. கிளம்புகிற நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டியைக் காட்டி, "ஆற்காடு ஸ்பெஷல்மா, சுத்தமான நெய்" என்று சித்தியிடம் சொல்லி, அரைக் கிலோ 350 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். பேத்திக்கு என்று ஆசையாக வாங்கினார். மறுநாள் காலை லாட்ஜில் பெட்டியைத் திறந்ததுமே புளித்த வாடை. ஜீராவில் நுரை கட்டியிருந்தது. சித்தி போட்டோ அனுப்பினார். மக்கன் பேடா என்பது கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் மாதிரி பருப்புகளை வைத்து, தட்டையாகத் தட்டிப் பொரித்து ஜீராவில் ஊறவைப்பது. நடுவில் விண்டால் பருப்பு தெரிய வேண்டும். இதில் ஒரு முந்திரித் துணுக்கு இல்லை. வெறும் மைதா உருண்டை. டேப் ஒட்டிய பெட்டியின் மேல் தயாரித்த தேதி, என்ன சேர்த்தார்கள், எவ்வளவு எடை, உரிம எண், எதுவுமே இல்லை. சித்தி திறந்து பார்க்காமல் கொண்டுபோய்க் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அன்று மத்தியானமே நான் ஆற்காடு போய், தட்டில் வைத்து விற்கிற கடையில், கண் முன்னால் எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லி வாங்கிவந்து, அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் கையில் கொடுத்தேன். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவுதான். ஆற்காடு வழியாகப் போகிற பஸ் எந்நேரமும் கிடைக்கும். தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம். அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்கள். கோவாவில் செய்தது, நாள் தாங்காது. தூர ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புகிற அன்றைக்கே வாங்குங்கள்.

பிரியாணிக்கும் அதையேதான் சொல்வேன். நோயாளி பயணம் தாங்குவார் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரிலேயே போய்ச் சாப்பிடுங்கள், சுமார் 50 கிலோமீட்டர். முடியாது என்றால் வேலூரிலேயே லாங் பஜார் பக்கத்துத் தெருக்களில் ஊர்க்காரர்கள் நின்று வாங்குகிற சின்னக் கடைகளைப் பாருங்கள். மத்தியானம் போங்கள். "தம் எப்ப ஒடச்சீங்க?" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் நேரத்தைச் சொல்வார், சிலர் டேக்சாவையே திறந்து காட்டுவார்கள். தீர்ந்துபோச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடை நல்ல கடை, மறுநாள் அங்கேயே போங்கள். லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி எதிரே மருந்துக்கடையில் வேலை செய்கிறவரிடம், வார்டில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம், "நீங்க வீட்டுக்கு எங்க வாங்கிட்டுப் போவீங்க?" என்று கேளுங்கள். அவர்களுக்கு எந்தக் கடையும் கமிஷன் கொடுப்பதில்லை.

கெட்டுப்போன உணவு, கலர் போட்ட உணவு என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் போட்டோவோடு அனுப்பலாம். சர்வீஸ் சார்ஜ் மாதிரி பில் விவகாரத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் 14 இலக்க உரிம எண் 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம், அது இல்லாததே ஒரு புகார்தான். ஒன்று கவனியுங்கள். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். எல்லாவற்றையும் வேலூர் என்று எழுதினால் புகார் வேறு அலுவலகத்துக்குப் போய்ச் சுற்றும். எந்த ஊரில் சாப்பிட்டீர்களோ அந்த மாவட்டத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

அன்றைக்கு எங்கள் பக்கத்து மேசையில் ஒரு பெங்காலி தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார், மேசை மேல் ஆஸ்பத்திரி ஃபைல். ஒரு பிரியாணியை இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் இரண்டு கத்திரிக்காய், இரண்டு பச்சடி, சர்வீஸ் சார்ஜ் என்று பில் வந்தது. அவர்கள் பில்லைப் பார்க்காமலே பணத்தை எடுத்து வைத்தார்கள். எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, சர்வீஸ் சார்ஜை மட்டும் கல்லாவிலிருந்து திருப்பி வாங்கிக் கொடுக்க முடிந்தது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று இவர்களைப் போல வருகிறவர்கள்தான் அந்தத் தெருக்கள் முழுக்க. அவர்களில் பலரால் இந்தப் பதிவைப் படிக்க முடியாது. பெங்காலியோ இந்தியோ தெரிந்தவர்கள், லாட்ஜிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இரண்டை மட்டும் சொல்லிவிடுங்கள்: பிரியாணியோடு வருகிற கத்திரிக்காய்க்கும் பச்சடிக்கும் இந்த ஊரில் தனிக் காசு கிடையாது, சர்வீஸ் சார்ஜை அடிக்கச் சொன்னால் அடித்தாக வேண்டும்.