எக்செக்கா, டிராப்பா? ஸ்கிரிப்டை நிறுத்தினால் உள்ளே ஓடும் நிரலும் நிற்க வேண்டும்

டெர்மினலில் கண்ட்ரோல்-சி அடித்தால் ஸ்கிரிப்டும் (பாஷ் போன்ற ஷெல் வரிவரியாக ஓட்டும் கட்டளைக் கோப்பு) நிற்கிறது, அது ஓட்டிய நிரலும் நிற்கிறது. காரணம், ஓடும் நிரலை நிறுத்தச் சொல்லும் இன்டரப்ட் சிக்னலை, அதாவது 2-ஆம் எண்ணை, டெர்மினல் முன்னால் ஓடும் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. ஸ்கிரிப்டின் பிஐடியை (ஓடும் ஒவ்வொன்றுக்கும் சிஸ்டம் தரும் எண்) கொடுத்து கில் கட்டளை அடித்தால் அப்படியில்லை. 15-ஆம் எண் டெர்ம் சிக்னல் (முடித்துக்கொள் என்பது) ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லுக்கு மட்டும்தான் போகும். ஒருமுறை சர்வரில் அப்படி நிறுத்திவிட்டு ஓடுபவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரிப்டைக் காணோம், அது கிளப்பிய பைத்தான் நிரல் மட்டும் பேரண்ட் பிஐடி 1 (ஷெல் போனதால் இப்போது சிஸ்டத்தின் முதல் நிரலே அதற்குத் தாய்) என்று காட்டிக்கொண்டு, போர்ட்டையும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு என் முதல் தேர்வு எக்செக். கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஷெல் இருந்த இடத்தில் நிரலே வந்து உட்கார்ந்துவிடும்; பிஐடி மாறாது, சிக்னல் நேரே அதற்குப் போகும். நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரில்தான் இதன் அருமை தெரியும். டிராப் (சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று ஸ்கிரிப்டில் எழுதும் கட்டளை) இல்லாத ஷெல் அங்கே பிஐடி 1 ஆக, அதாவது கன்டெய்னரின் முதல் நிரலாக, இருந்தால், டெர்ம் வந்தாலும் அசையாது. டாக்கர் ஸ்டாப் வழக்கமாக 10 விநாடி பார்த்துவிட்டு 9-ஆம் எண்ணை, அதாவது தடுக்க முடியாத கில் சிக்னலை, அனுப்பும்; முடிந்த விதத்தைக் காட்டும் எக்ஸிட் கோட் 137. எக்செக் போட்டாலும் டெர்முக்கு நிரலில் ஹேண்ட்லர் (அந்தச் சிக்னலைக் கவனித்துச் செயல்படும் பகுதி) இருக்க வேண்டும், இப்போது அதுதானே பிஐடி 1.

சரி, நிரல் முடிந்தபின் தற்காலிகக் கோப்புகளை அழிக்க வேண்டுமென்றால்? எக்செக்குக்குக் கீழே உள்ள வரி எதுவும் ஓடாது. அங்கே டிராப்தான் வழி, ஆனால் அதில் வேலை அதிகம். டிராப் எழுதிவிட்டு நிரலைச் சாதாரணமாக ஓட்டினால், அது முடியும்வரை பாஷ் டிராப்பைத் தொடாது. அதனால் நிரலைப் பின்னணியில் கிளப்பி, பிஐடியை எடுத்து வைத்துக்கொண்டு, அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட் கட்டளையில் நிற்க வேண்டும். சிக்னல் வந்ததும் வெயிட் திரும்பும், டிராப் ஓடி நிரலுக்குச் சொல்லும். அப்புறம் இன்னொரு வெயிட் கட்டாயம் வேண்டும். அதை விட்டால், நிரல் டேட்டாவை எழுதி முடிப்பதற்குள் ஸ்கிரிப்ட் கோப்புகளை அழித்துவிடும்.

டிராப்பிலிருந்து நிரலுக்கு டெர்மையே அனுப்புங்கள், இன்டரப்ட் வேண்டாம். ஸ்கிரிப்ட் பின்னணியில் கிளப்பும் நிரல், இன்டரப்டைக் கண்டுகொள்ளாத நிலையிலேயே தொடங்குகிறது. பைத்தானில் நீங்கள் நம்பியிருக்கும் கீபோர்ட்இன்டரப்ட் (இன்டரப்ட் வந்தால் எழும் எக்செப்ஷன்) அங்கே எழவே எழாது.