பின்தொடர்வதற்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள்: வெள்ளவத்தை மாலை வகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீடொன்றின் மேல்மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு மூன்று மாதம் சென்று வந்தேன். தமிழில் படித்துவிட்டு அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மணிநேரம் நடத்தப்படும் வகுப்பு அது. பாடத்திட்டம் முழுவதையும் விவரிப்பதைவிட, ஒருவரைத் துரத்துவதையும் பின்தொடர்வதையும் குறிக்கும் சொற்களுக்காக ஒதுக்கப்பட்ட இரண்டு மாலைகளைப் பற்றி எழுதுவதே மேல் எனக் கருதுகிறேன். வகுப்பின் சிறப்பும் குறையும் அவற்றில் நன்றாகவே தெரிந்தன.

ரீச்சர் ஆங்கிலத்திலிருந்து தொடங்கவில்லை. எங்களிடமிருந்த தமிழ்ச் சொற்களைக் கேட்டுப் பலகையில் எழுதினார்: தொடர், பின்செல், துரத்து, விரட்டு, கலை. 'நாய் கலைத்தது' என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் சொல்வார்கள். அந்தக் கலைத்தல்தான் 'சேஸ்' என்றார். 'கேட்ச்' என்ற சொல்லும் அதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை என்பதால், பிடிக்கும் எண்ணம் 'சேஸ்' என்பதற்குள்ளேயே இருக்கிறது. 'ஃபாலோ' என்பதில் அந்த எண்ணம் இல்லை. வழிகாட்டியின் பின்னால் செல்வதும் வைத்தியரின் அறிவுரைப்படி நடப்பதும் அதுவே. பிடிபட வேண்டியது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களைப் பெற, 242 என்ற இலக்கை நம் அணி எட்டியதையும் ஆங்கிலம் 'சேஸ்' என்றே சொல்கிறது. 'இலக்கைத் துரத்தி' என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இதன் வழியாகத்தான்.

'பர்சூ' என்ற சொல்லில் ஓட்டத்தைவிட விடாப்பிடி அதிகம். வழக்குத் தொடர்வதைக் குறிக்கும் 'ப்ராசிக்யூட்' அதன் உடன்பிறப்பு என்று அறிந்தபோது, தமிழிலும் வழக்கை நாம் 'தொடர்கிறோம்' என்பது நினைவுக்கு வந்து பெரும் மகிழ்ச்சி அளித்தது. கப்பல் நிறுவனமொன்றில் பணிபுரியும் தம்பி ஒருவர் 'ஹாட் பர்சூட்' பற்றிக் கேட்டார். ஒரு நாட்டின் கடற்பரப்பில் அதன் சட்டத்தை மீறிய வெளிநாட்டுக் கப்பலை, அந்நாடு அப்பரப்புக்கு வெளியேயும் இடைவிடாமல் கலைத்துச் செல்வதே அது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 111ஆவது உறுப்புரை கரையோர நாட்டுக்கு அந்த உரிமையை வழங்குகிறது. கலைக்கப்படும் கப்பல் தன் சொந்த நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் ஆட்புலக் கடலுக்குள், அதாவது கரையை ஒட்டி அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலுக்குள், நுழைந்துவிட்டால் அவ்வுரிமை முடிந்துவிடும். இத்தகைய கேள்விக்கும் ஆயத்தமாக வரும் ஆசிரியரைக் காண்பது அரிது.

'டெயில்' என்ற வினையில் பலரும் தடுக்கினோம். வால்பிடித்தல் என்றால் நமக்கு முகத்துதி. ஆங்கிலத்திலோ துப்பறிபவர் போல ஒருவருக்குத் தெரியாமல் பின்னால் செல்வது. 'ஷாடோ' அதற்கு நெருங்கியதுதான், ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மூத்தவருடன் கூடவே இருந்து பழகுவதற்கும் அதைச் சொல்லலாம். 'ஹவுண்ட்' என்பதில் வேட்டைநாயின் ஓயாமை இருக்கிறது. அதில் நல்ல பொருளுக்கு இடமே இல்லை.

இரண்டாம் மாலை முழுவதும் ஒரே சொல்லில் கழிந்தது. வகுப்பிலிருந்த தங்கை ஒருவர், பஸ் தரிப்பிடத்திலிருந்து அலுவலகம் வரை ஒருவன் நாள்தோறும் தன் பின்னால் வருவதைப் பற்றி மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் முறையிட்டிருந்தார். அவர் எழுதியது 'ஃபாலோ'. சமூக ஊடகத்தில் நடப்பதாக எண்ணி, கணக்கை முடக்கிவிடுமாறு பதில் வந்ததாம். எழுத வேண்டியிருந்த சொல் 'ஸ்டாக்' என்று ரீச்சர் நிதானமாக விளக்கினார். மான்வேட்டைக்குப் பதுங்கிச் செல்வதைக் குறித்த அச்சொல், இன்று ஒருவரை அச்சத்துக்குள்ளாக்கும்படி விடாமல் பின்தொடரும் குற்றத்தின் பெயர். கலிபோர்னியா 1990இல் அதற்கென்றே சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் அது தனிக்குற்றமாயிற்று. இந்தியா 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவைச் சேர்த்தது. நம் பேச்சுத் தமிழில் இதை 'சுழட்டுதல்' என்றும் 'பின்னால் திரிதல்' என்றும் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இலேசுத்தனம் மொழிபெயர்ப்பிலும் நுழைந்துவிடுகிறது என்று அவர் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்றே எல்லோரும் சேர்ந்து அந்தத் தங்கையின் கடிதத்தை, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்ற விவரங்களுடன் மீண்டும் எழுதிக் கொடுத்தோம்.

இவ்வளவு நுட்பமாகக் கற்பிக்கும் வகுப்பின் அச்சிட்ட கையேடு ஏமாற்றமளிக்கிறது. மேற்சொன்ன சொற்கள் அனைத்துக்கும் எதிரே 'பின்தொடர்தல்' என்ற ஒரே பொருள். ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லை. வீண் அலைச்சலைக் குறிக்கும் 'வைல்ட் கூஸ் சேஸ்' என்ற தொடருக்குக் 'காட்டு வாத்து வேட்டை' என்று பொருள் எழுதியிருப்பதை எப்படி ஏற்பது? வராத காசையோ பதிலையோ நினைவூட்டிக் கேட்பதற்கு அலுவலகங்களில் பயன்படும் 'சேஸ் அப்' கையேட்டில் இடம்பெறவேயில்லை. கடன்காரருக்குக் கடிதம் எழுதுபவருக்கு இதைவிடத் தேவையான தொடர் எது?

அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதும் எவரும் இவ்வகுப்பில் தயங்காமல் சேரலாம். கையேட்டை நம்பாமல் ஒரு கொப்பியைக் கொண்டுபோய், ரீச்சர் பலகையில் எழுதும் தமிழ் வாக்கியங்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.